டிவி சவுண்டை எதுக்குக் குறைக்கிறாங்க?

கேள்வி: மேடம், எனக்கு 38 வயசு, ஊர் திருச்சி, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஜிலேபின்னு ஒரு ஆரஞ்சு கலர் பூனை, நாலு வருஷமா எங்க வீட்டுல இருக்கு. சாயங்காலம் ஆறரைக்கு வந்ததும் ஆபீஸ்ல நடந்தது, மனசுல கிடக்கிறது எல்லாத்தையும் அதுகிட்ட தான் கொட்டுவேன். என்னையே பாத்து கண்ணை மெதுவா மூடித் திறக்கும், நான் அழுதா மடில வந்து உக்காந்துக்கும். இந்த வீட்டுல என்னைப் புரிஞ்சுக்கிற ஒரே ஜீவன் அது தான். வீட்டுக்காரர் 'அது சோத்துக்கு உன்னைப் பாக்குது'ன்னு சிரிக்கிறார். நாம பேசுறது பூனைக்கு நிஜமாவே புரியுமா? இன்னொண்ணு, நான் அதுகிட்ட பேச ஆரம்பிச்சாலே ஹால்ல மாமியார் டிவி சவுண்டைக் குறைச்சிடுறாங்க, எரிச்சலா வருது, இப்பல்லாம் பெட்ரூம் கதவைச் சாத்திட்டு தான் பேசுறேன். (ஜிலேபியின் அம்மா)

பதில்: பூனைக்குப் புரியுமா, நாய்க்குப் புரியுமா, கிளிக்குப் புரியுமான்னு மாசத்துக்கு ஒரு லெட்டராவது வந்துடுது எனக்கு. எல்லாருக்கும் நான் 'ஆமாம்மா, அதுங்களுக்கு நம்ம மனசு நல்லாவே தெரியும்'னு எழுதணும், நீங்க அதை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வீட்டுக்காரர்கிட்ட காட்டணும். நான் எழுதப் போறதில்ல. இன்னொண்ணும் சொல்லிடுறேன், இதுக்கு மேல நீங்க வாங்கன்னு மரியாதை குடுத்தா எனக்குத் திட்ட வராது, அதனால நீன்னே எழுதுறேன், கோவிச்சுக்காத.

முதல்ல பூனை விஷயத்தை முடிச்சிடலாம். ஜப்பான்ல அட்சுகோ சைட்டோன்னு ஒரு அம்மா இதையே ஆராய்ச்சியா பண்ணியிருக்காங்க. 2013-ல 20 பூனைங்களுக்கு, முன்ன பின்ன தெரியாதவங்க அதோட பேரைக் கூப்பிடுற குரலை வரிசையா போட்டுக் காட்டிட்டு நடுவுல வளக்குறவங்க குரலைப் போட்டாங்க. அதைக் கேட்டதும் காது திரும்புது, தலை திரும்புது, ஆனா எழுந்து வரல. தெரியுது, இருந்தும் வரல, அவ்ளோ தான் அதோட குணம். அப்புறம் 2019-ல 78 பூனைங்க. பூனையோட பேர் மாதிரியே நீளமும் அழுத்தமும் இருக்கிற நாலு சாதாரண வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அது சலிச்சுப்போய் கண்டுக்காம விட்ட நேரத்துல திடீர்னு அதோட பேரைச் சொன்னாங்க, நிறைய பூனைங்க மறுபடி காதைத் தூக்குச்சு. ஆக ஜிலேபிக்கு 'ஜிலேபி' தெரியும். 2024-ல இன்னொரு ஜப்பான் குழு 31 பூனைங்களுக்குக் கார்ட்டூன் படம் காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழக்கிட்டு அப்புறம் வார்த்தையை மாத்திப் போட்டாங்க, பூனைங்க 'என்னடா இது'ன்னு திரையையே கொஞ்சம் கூடுதலா பாத்துச்சு. அதனால சோறு, மீனு, வா, போ எல்லாம் அதுக்குப் பிடிபடும். ஆனா உன் மேனேஜர் லீவு குடுக்காததும் ஜிஎஸ்டி ஃபைலிங்ல உன் தலைல பழி விழுந்ததும் அதுக்கு எந்தக் காலத்துலயும் தெரியப் போறதில்ல.

அது உன்கிட்ட பிரியம் இல்லாம இருக்குன்னு நான் சொல்லல. கண்ணை மெதுவா மூடித் திறக்குறது பூனை பாஷைல நல்ல சமாச்சாரம் தான், நாம அப்படிச் செஞ்சா அதுவும் திருப்பிச் செய்யும்னு 2020-ல இங்கிலாந்துல ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லியிருக்காங்க. உன் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி வெறும் சோத்துக்கு மட்டும் கிடையாது. இதை வேணா வெட்டி ஒட்டிக்கோ.

இப்ப நான் கேக்க வந்ததைக் கேக்குறேன். லெட்டரோட கடைசில 'இன்னொண்ணு'ன்னு போட்டு, செருப்பை வெளில விடுற மாதிரி விட்டுட்டுப் போயிருக்கியே ஒரு விஷயம், மாமியார் டிவி சவுண்டைக் குறைக்கிறாங்கன்னு. எதுக்கும்மா குறைக்கிறாங்க?

நீ எரிச்சல்னு எழுதிட்ட, ஒட்டுக் கேக்குறாங்கன்னு நினைக்கிற. சரி, ஒட்டுக் கேக்குறாங்கன்னே வெச்சுக்கோ. காலைல நீ எட்டரைக்குக் கிளம்பியிருப்ப, உன் வீட்டுக்காரர் அதுக்கும் முன்னாடி. அப்புறம் ஆறரை வரைக்கும், பத்து மணி நேரம், அந்த வீட்டுல மனுஷக் குரல்னா டிவில வர்றது மட்டும் தான், நடுவுல ஒரு கூரியர்காரன் வந்தா உண்டு. ஆறரைக்குக் கதவு திறக்குது, ஒரு பொண்ணு வருது, செருப்பைக் கழட்டுறதுக்குள்ள 'ஜிலேபிக் குட்டி, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா'ன்னு ஆரம்பிக்குது. தெரியாதுன்னு சொல்ல வேண்டிய ஆள் சோஃபால உக்காந்திருக்காங்க, கைல ரிமோட். பாத்துட்டு இருக்கிற சீரியலைவிட உன் ஆபீஸ் கதை பெருசாத் தெரியுது அவங்களுக்கு, அதனால சவுண்டைக் குறைக்கிறாங்க. இந்த வயசுல சீரியலை விட்டுக்குடுக்கிறது சாதாரண விஷயம் இல்ல, எந்த வீட்டுல வேணா போய்க் கேட்டுப் பாரு. நீ என்ன பண்ண? கதவைச் சாத்துன.

இன்னொரு ஆராய்ச்சியும் சொல்றேன், இது உனக்குன்னே பண்ண மாதிரி இருக்கும். கியோட்டோ பல்கலைக்கழகத்துல சாஹோ தகாகின்னு ஒருத்தங்க, 2022-ல வந்தது. மூணு பூனையோ அதுக்கு மேலயோ ஒண்ணா இருக்கிற வீடுகள்ல ஒரு பூனைகிட்ட கூட இருக்கிற இன்னொரு பூனையோட பேரைச் சொல்லிட்டு ஸ்கிரீன்ல வேற பூனை படத்தைக் காட்டினா, அது ரொம்ப நேரம் முறைச்சுப் பாக்குது, பேரும் மூஞ்சியும் ஒத்து வரலையேன்னு. யாரும் அதுக்கு உக்கார வெச்சு இது இன்னார்னு சொல்லிக்குடுக்கல. வீட்டுல பேசுறதை ஓரமா படுத்துக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டதா இருக்கணும்னு தான் நான் எடுத்துக்கிட்டேன். இதே சோதனையைப் பூனை கஃபேல இருக்கிற பூனைங்ககிட்ட பண்ணா தெரியல அதுங்களுக்கு, அங்க வர்றவங்க போறவங்க ஜாஸ்தி, யார் பேரையும் யாரும் தினம் கூப்பிடுறதில்ல போல. அதாவது ஒரு வீட்டுல மூலைல கிடந்து, தன்கிட்ட சொல்லாத பேச்சையும் காதுல வாங்கி, யார் யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்குது பூனை. அது பண்ணா 'அய்யோ என் செல்லத்துக்கு எவ்ளோ அறிவு'ம்ப. அதையே உன் மாமியார் பண்ணா ஒட்டுக் கேக்குறதா?

எங்க மாமியார் கதை ஒண்ணு சொல்லணும் இந்த இடத்துல. தினம் காக்காய்க்குச் சோறு வெப்பாங்க, வெச்சிட்டு மொட்டை மாடிலேருந்து நல்லா கீழ கேக்குற மாதிரி 'நீயாவது நேரத்துக்குச் சாப்புடு, உனக்கென்ன ஆபீஸா, மீட்டிங்கா'ன்னு சொல்வாங்க. காக்காய்க்குப் புரிஞ்சுதோ இல்லையோ எனக்கு எழுத்து விடாம புரிஞ்சுது, நானும் பாத்திரத்தை டமார்னு வெச்சு பதில் சொல்லுவேன். ரெண்டு வருஷம் ஓடுச்சு இந்தக் காக்கா விடு தூது. ஒரு நாள் எனக்கு ஜுரம், எழுந்திருக்கவே முடியல, அவங்க மாடிக்குப் போகாம சோத்தைப் பிசைஞ்சு எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. அன்னிக்கும் எதுவும் பேசல, 'உப்பு போதுமா'ன்னு மட்டும் கேட்டாங்க. அப்ப தான் எனக்கு உறைச்சுது, அந்த அம்மா இத்தனை நாளா மாடிலேருந்து கத்துனது என்னை மட்டம் தட்ட இல்ல, சாப்புடுடின்னு நேரா சொல்ல வாய் வரலைன்னு. ஜாடை பேச்சு எல்லாமே குத்தல்னு நாம நினைச்சுக்கிறோம், பாதி வெக்கம் அது.

நீயும் ஜாடை தான் பேசுறயோன்னு எனக்கு ஒரு சந்தேகம், மறைக்காம கேட்டுடுறேன். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி ஹால்ல நின்னு ஜிலேபிகிட்ட சொன்னியே, அதுல 'இந்த வீட்டுல யாருக்கு என் கஷ்டம் தெரியுது'ன்னு ஒரு வரி இருந்திருக்குமா இல்லையா? பூனைக்கா அது? பிரான்ஸ்ல 2022-ல 16 பூனைங்களை வெச்சு ஒண்ணு பண்ணாங்க, வளக்குறவங்க இன்னொரு பெரியவங்ககிட்ட பேசுற குரல்ல பேசிட்டே இருந்தா பூனை சலிச்சுப் போய் விட்டுடுது, குரலை மாத்தி பூனையைக் கொஞ்சுற மாதிரி பேசுனா உடனே காதைத் தூக்குது. அதனால நாளைக்கு நீயே கவனிச்சுப் பாரு, 'தங்கம், பட்டு'ன்னு கொஞ்சும்போது முழிச்சிட்டு இருக்கிற ஜிலேபி, நீ ஆபீஸ் புலம்பலுக்கு வந்ததும் கையை நக்கிட்டு உக்காந்திருக்கும். அது மனுஷங்களுக்கு உண்டான குரல்னு பூனைக்கே தெரியுது.

உன் லெட்டர்ல மாமியார் உன்னைக் கொடுமை பண்ணதா ஒரு வரி இல்ல, சோறு தண்ணில குறை சொன்னதா இல்ல, பணம் கேட்டதா இல்ல. இருந்திருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன், தனியா போன்னே கூட சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கேன் சில பேருக்கு. உனக்கு இருக்கிற ஒரே குறை அவங்க காது குடுத்துக் கேக்குறாங்கங்கிறது. காது குடுக்க ஆளில்லாம எத்தனை பேர் எனக்கு எழுதுறாங்க தெரியுமா உனக்கு?

வீட்டுக்காரருக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு, இதை அவர் கண்ணுல படுற மாதிரி வை. சிரிக்கிறாராம். பெத்த அம்மா, நாள் பூரா தனியா உக்காந்திருக்காங்க, சாயங்காலம் பொண்டாட்டி ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுப் பூனைகிட்ட அழுவுது, இதுல சிரிக்க என்னய்யா இருக்கு? முதல் கடமை உம்முது தான், மருமகள்து ரெண்டாவது தான், இதை நான் எப்பவும் மாத்திச் சொன்னதில்ல. ஆனா ஒரு கூரைக்கு அடியில வயசானவங்களை வெச்சுக்கிட்டு மூணு வேளை சோத்தை மட்டும் வெச்சிட்டுப் பேச்சு குடுக்காம இருக்கிறது பாவம், ரெண்டு பேருக்கும் சேத்து தான் சொல்றேன். கிண்ணத்துல கொட்டி வெச்சிட்டுப் போறது பூனைக்கே பத்தாதுன்னு தானே நீ சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேசுற.

'அவங்க தான் முதல்ல பேசட்டுமே'ன்னு கேப்ப. கேக்கலாம், நியாயம் தான். ஆனா அவங்க ரிமோட்டை அழுத்தி பேசிட்டாங்கம்மா, எனக்கு அப்படித் தான் தோணுது.

லெட்டர்ல ஜிலேபிக்கு வயசு இருக்கு, கலர் இருக்கு, பேர் இருக்கு. மாமியாருக்கு ஒண்ணுமே இல்ல, ரிமோட் மட்டும் தான். அவங்க என்ன சீரியல் பாக்குறாங்கன்னாவது தெரியுமா உனக்கு?

நாளைக்கு வந்ததும் ரூமுக்குப் போகாத. பூனையையும் தூக்கிட்டே வா, அது பாட்டுக்கு மடில இருக்கட்டும், கை சும்மா இருக்காம எதையாவது தடவிட்டு இருந்தா பேச சுலபமா வரும். சோஃபால அந்தக் கடைசில உக்காந்து, அதே ஆபீஸ் கதையை, மேனேஜர் சொன்னது நீ சொன்னது எல்லாம், அவங்களைப் பாத்துக் கூட சொல்ல வேணாம் முதல் நாள், ஜிலேபியைப் பாத்தே சொல்லு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, 'ம்'ம்பாங்க, இல்ல 'காபி ஆறுது'ம்பாங்க. அது கிடக்கட்டும். சவுண்டைக் குறைக்கும்போது டிவில கீழ ஓரமா ஒரு நம்பர் வரும் பாரு, அது எவ்ளோ வரைக்கும் இறங்குதுன்னு பாத்துட்டு எனக்கு எழுது.