அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். வீடு கோத்தகிரி பக்கம், அரசுத் தேயிலைத் தோட்ட லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. அம்மாச்சி சிலோனிலிருந்து வந்தவர். எனக்கு எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்க ஆசை. சில பல்கலைக்கழகங்களில் ‘சர்வதேச உறவுகள்’ என்று இருக்கிறது, சிலவற்றில் ‘ஒப்பீட்டு அரசியல்’ என்றும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம் என்பதால் பயமாகவும் இருக்கிறது. ‘மலையை விட்டு இறங்காத நமக்கு உலக அரசியல் எதுக்கு’ என்கிறார் மாமா.
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் படியுங்கள். மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள், உலக அரசியல் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நான் போன பல வீடுகளில் அந்தத் தாள்களைப் பார்த்திருக்கிறேன். இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்து பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கூடவே பழைய பாஸ்போர்ட்டு, குடும்பமே வரிசையாக நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோ.

அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது 1964 அக்டோபர் 30-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தம். பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிப்போனவர்களின் வழியில் வந்து, இலங்கையில் குடியுரிமை இல்லாமல் நின்ற சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைக்கொழுந்தைப் பங்கு போடுகிற மாதிரி மனிதர்களைப் பங்கு போட்ட கணக்கு அது, இத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறைத் திட்டமாக இந்த அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. நீங்கள் இருக்கிற லயன் அதில் வந்ததுதான்.

இதை வைத்தே வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

இந்தியா ஏன் இதற்கு ஒப்புக்கொண்டது என்று கேட்டால் அது சர்வதேச உறவுகள். நேரு இருந்தவரை, விரும்பி வருகிறவர்களை ஏற்போம், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றுதான் சொல்லிவந்தார். அவர் 1964 மே மாதம் இறந்தார், ஐந்தே மாதத்தில் நிலை மாறிவிட்டது. ஆள் மாறியதால்தானா? இல்லை, 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு பக்கத்து நாடுகளின் நட்பு நமக்கு அவசரமாகத் தேவைப்பட்டதாலா? (அந்தப் போருக்குப் பிறகு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசியவரும் இதே சிறிமாவோதான்.) இல்லை, இலங்கைக்குள் இருந்த தேர்தல் நெருக்கடிதான் காரணமா? தலைவர், நாட்டின் உள் அரசியல், நாடுகளுக்கு இடையிலான பலம் என்று மூன்று மட்டத்தில் காரணம் தேடுவார்கள். முதல் செமஸ்டரிலேயே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். கோட்பாடுகளின் பெயர்கள் பயமுறுத்தும், ஆனால் கேள்வி இவ்வளவுதான்.

ஒப்பீட்டு அரசியல் வேறு பக்கமிருந்து வரும். அதே வெள்ளைக்காரன், அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து, அதே கங்காணிகளை வைத்து மலாயாவுக்கும் (இன்றைய மலேசியப் பக்கம்) ஆள் கூட்டிப் போனான். இலங்கையில் சுதந்திரம் கிடைத்த 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் அங்கே பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் அவர் தகப்பனும் அங்கே பிறந்ததற்குத் தாள் காட்டு என்றது. லயனில் பிறந்தவனுக்கு அந்தத் தாள் ஏது? மலாயாவில் 1957-ல் எழுதிய அரசியல் சட்டமோ, சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன் என்றது. அங்கேயும் தாள் இல்லாமல் தவித்தவர்கள் நிறைய, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தொடக்கம் ஒன்றாக இருந்து முடிவு ஏன் இரண்டாகப் போனது? மலாயாவில் மலாய், சீன, இந்தியக் கட்சிகள் ஒரே கூட்டணியாக நின்று பேரம் பேசின, இலங்கையில் தோட்ட மக்களின் ஓட்டே பெரும்பான்மைக் கட்சிக்கு அச்சமாக இருந்தது என்பது ஒரு விடை. அது போதுமா என்று இன்னொரு நாட்டை, உதாரணமாக இந்தியர்களைத் தோட்ட வேலைக்குக் கூட்டிப்போன ஃபிஜியை, பக்கத்தில் வைத்துச் சோதிப்பதுதான் இந்தப் படிப்பு.

ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்கிற இடமாகப் பாருங்கள். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் ‘அரசியலும் சர்வதேச ஆய்வுகளும்’ என்றே ஒரு துறை இருக்கிறது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனித்துறை உண்டு. டெல்லி ஜே.என்.யூ.வின் சர்வதேச ஆய்வுப் பள்ளி 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கிப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கடைசி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பம் வந்துவிடும், தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஆங்கிலம்? பயம் நியாயமானது, ஆனால் கடக்கக்கூடியது. தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரையில் இரண்டே பக்கம் படித்து, ‘இந்த ஆள் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார்’ என்று தமிழில் ஐந்து வரி எழுதிவையுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். ஆறு மாதத்தில் வேகம் வந்துவிடும். பொருளாதாரம் படித்ததால் புள்ளியியல் உங்களுக்குத் தெரியும், அந்த வகுப்பில் பலருக்கு அது வராது. இன்னொன்று, முடிந்தால் சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள். இலங்கையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஆயிரம், சிங்களப் பத்திரிகையை நேராகப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: நான் குன்னூர் பக்கம் சிறு தேயிலை விவசாயி. மகன் சர்வதேச உறவுகள் எம்.ஏ.தான் வேண்டும் என்கிறான். படித்தால் தூதரகத்தில் வேலை கிடைக்குமா? பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்க வழி சொல்லும் படிப்பாகப் படித்தால் ஆகாதா?
– குன்னூர் வாசகர்

பதில்: அண்ணா, முதலில் நேரான பதில். இந்த எம்.ஏ. படித்ததால் மட்டும் தூதராக முடியாது. வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுதான் வாசல், அதற்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் அந்தத் தேர்வில் ‘அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்’ என்று ஒரு விருப்பப் பாடம் உண்டு, இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண். அந்த வகையில் படிப்பு கைகொடுக்கும். மற்றபடி நெட் என்கிற தகுதித்தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலை, பத்திரிகை, அகதிகளோடு வேலை செய்யும் அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள் என்று போகலாம். முதல் சில வருடம் சம்பளம் சுமார்தான், அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் தேயிலையை, டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கிற வியாபாரத்தில் அள்ளி அள்ளி வாங்கிய சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்த மலையில் பச்சைத் தேயிலை விலை எப்படி விழுந்தது, எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போனது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே நேரத்தில்தான், 1998 டிசம்பரில், இலங்கையோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தானது. அங்கிருந்து தேயிலை வரலாமா, எவ்வளவு வரலாம் என்பதெல்லாம் குன்னூர் ஏலத்தில் முடிவாகவில்லை, டெல்லியிலும் கொழும்பிலும் முடிவானது. அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்து நம் பக்கமிருந்து வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒரு பையன் இந்த மலைக்கு வேண்டும் அண்ணா. அனுப்புங்கள்.