எறும்புகள் எல்லாம் ஏன் ஒரே வழியில் போய் நின்றுவிடுகின்றன?

தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் 20 கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டிக்கு, எறும்புக் கூட்ட வழிமுறையில் (கணினியில் கற்பனை எறும்புகளை ஓடவிட்டு, அவை சாலைகளில் விடும் ‘வாசனை’ எண்ணை வைத்துக் குறுகிய பாதையைத் தேடும் முறை) ரூட் தேடியிருக்கிறீர்கள். பத்தாவது சுற்றிலேயே எல்லா எறும்பும் ஒரே பாதையில் என்றால், கோளாறு பெரும்பாலும் வாசனையின் தொடக்க மதிப்பில்தான்.

எல்லாச் சாலைக்கும் 0.0001 மாதிரி சின்ன மதிப்பு வைத்துத் தொடங்கினால், முதல் சுற்றில் குருட்டாம்போக்கில் போன எறும்புகள் விட்ட வாசனையே சட்டமாகிவிடும். அருகில் இருப்பதற்கே அடுத்து போவது என்ற முறையில் ஒரு ரூட் போடுங்கள். அது 24 கி.மீ. வந்தால், கடைக்கு ஒன்றாக 20 எறும்பை 24ஆல் வகுத்து, தொடக்க வாசனையை 0.83 என வையுங்கள். ஆல்ஃபா (வாசனைக்குத் தரும் எடை) 1, பீட்டா (அருகாமைக்குத் தரும் எடை) 2 முதல் 5, ஆவியாதல் (ஒவ்வொரு சுற்றிலும் மறையும் வாசனையின் பங்கு) 0.5. மார்கோ டோரிகோ 1992இல் முன்வைத்த மூல முறைக்கு இவை பழகிய அளவுகள். தூரத்தை மீட்டரில் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கையும் மீட்டரிலேயே போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னும் தேங்கினால் வாசனைக்கு உச்சவரம்பும் கீழ்வரம்பும் போடுங்கள். ஆவியாதலை 0.02 ஆக்கி, மிகக் குறுகிய பாதை கண்ட சிறந்த எறும்பை மட்டும் வாசனை இட விடுங்கள். உச்சம் 1/(0.02×24), அதாவது 2.08, கீழ்வரம்பு அதில் நாற்பதில் ஒரு பங்கு, 0.05.

கீழ்வரம்பின் அருமை மழையில்தான் தெரியும். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தத் தூரத்தை மட்டும் 100 கி.மீ. ஆக்குங்கள், வாசனையைத் தொடாதீர்கள். யாரும் போகாத மாற்றுச் சாலையிலும் கொஞ்சம் வாசனை மிச்சமிருப்பதால் கூட்டம் தானே அங்கே திரும்பும்.

ஒருவழிச் சாலைகளுக்குப் போக, வர இரண்டு தூரமும் தனித்தனியே வேண்டும், வாசனையும் அப்படியே.