அமெரிக்க டிரையலுக்கு முன்பணமா? முதலில் படிவம் 3 இருக்கா பாருங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு, 6 அடி 3 அங்குலம், கல்லூரி பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிறான். கண்டீரவா உள்ளரங்கில் மேட்ச் முடிந்ததும் ஒருவர் வந்து, அமெரிக்க லீகில் டிரையல் வாங்கித் தருகிறேன், முன்பணம் 60,000 கட்டுங்கள், படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரம் பயிற்சி எடுக்கட்டும் என்றாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள் அம்மா. நிஜமான ஏஜென்ட் பையன் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கிய பிறகுதான் அதில் பங்கு எடுப்பார், அம்மா அப்பாவிடம் கை நீட்ட மாட்டார். சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபா ஏஜென்ட்டுகளுக்குத் தேர்வு வைத்து லைசென்ஸ் தருகிறது, பெயர்ப் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அந்த ஆளிடம் லைசென்ஸ் நம்பர் கேளுங்கள், பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும். இன்று முன்பணம், அடுத்த மாதம் விசா செலவு, அப்புறம் ஹோட்டல், கிட் என்று வரிசையாக வரும், நான் இதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அமெரிக்காவின் பெரிய லீகான என்.பி.ஏ.வில் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட், அதில் காசு கொடுத்து இடம் வாங்க வழியே இல்லை. 2015ல் டல்லாஸ் அணி 52ஆவதாகத் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங்தான் டிராஃப்டில் போன முதல் இந்தியர். ஏழடிக்கு மேல் உயரம், பதினான்கு வயதிலேயே ஃபுளோரிடா அகாடமி, அவருக்கே என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச் ஆடக் கிடைக்கவில்லை. பின்னாளில் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடையும் வந்தது, அதனால் ஜிம்மில் யாரோ தரும் பவுடர் டப்பாவையும் தொட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

சரி, நம் ஊரில் லீக் இல்லையா? வரும், போகும். 2015ல் ஆரம்பித்த யு.பி.ஏ. என்ற பாஸ்கெட்பால் லீக் சில சீசனோடு நின்றது, 2022ல் ஐ.என்.பி.எல். என்று இன்னொரு லீக் வந்தது. பிள்ளைகள் எதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவது என்று பொறுப்பில் இருப்பவர்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இங்கே நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது ரயில்வே, வருமான வரித்துறை, வங்கி என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். அதற்குக் கல்லூரியில் இருக்கும் இந்த வருடங்கள்தான் வழி.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மத்திய அரசு வேலைக்குக் கல்லூரி ஆட்டம் கணக்கில் வர வேண்டுமானால் படிவம் 3 வேண்டும், அது பல்கலைக்கழக டீமில் ஆடி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போனவர்களுக்குத்தான். இன்டர்காலேஜில் பத்து கோப்பை ஜெயித்தாலும் அது கிடையாது. கையெழுத்தும் கல்லூரி முதல்வரோ பி.டி. சாரோ போட்டால் செல்லாது, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் போட வேண்டும். உங்கள் பையன் படிப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் மட்டும் கதை வேறு, அங்கே கல்லூரி டீம் என்று நீங்கள் சொல்வதே பல்கலைக்கழக டீமாக இருக்கலாம், ஆனாலும் வளாகத்துக்குள் துறைகளுக்கிடையே ஆடியது சேராது, வெளியே போய் வேறு பல்கலைக்கழகத்தோடு ஆடியிருக்க வேண்டும். நாளைக்கே பி.டி. சாரைப் பார்த்து யுனிவர்சிட்டி செலக்‌ஷன் எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

ஒருவேளை பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்றே சைபர் மோசடி புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.