கதை சொல்ல எந்த ஆப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அம்மாவின் பழைய படங்களை வைத்து, என் குரலில் கதை சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப ஆசை. லேப்டாப் இருக்கிறது, வீடியோ எடிட்டிங் தெரியாது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

தெரியவே வேண்டாம். லேப்டாப்பில் பவர்பாயின்ட் இருக்கிறதா? அது போதும். ஸ்லைடுக்கு ஒரு படம் வையுங்கள். அதிலேயே குரல் பதிவு வசதி உண்டு. நடுவில் தடுமாறினால் அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும் மறுபடி பேசினால் சரி. முடிந்ததும் ‘எக்ஸ்போர்ட்’ போய் வீடியோவாக்கிவிடலாம். பேசும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் பாதியில் மூடிவிடுவார்கள்.

அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் ஒரே வீடியோவில் திணிக்காதீர்கள். 1990களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் சாதாரண மக்கள் படமும் சொந்தக் குரலும் வைத்துக் கதை சொல்லப் பழகும் பட்டறைகளைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு கதைக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். ஒரு சம்பவம், பத்துப் படம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

வீடியோவில் தமிழில் தலைப்பு போட்டால் எழுத்து உடைகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை.

இதில் இரண்டு வியாதி இருக்கிறது, மருந்தும் வேறு வேறு. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். இன்றைய கருவிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

கொம்பு மட்டும் இடம் மாறி, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்தால், கோளாறு செயலியில்தான். யூனிகோடில் ‘கெ’ என்பதில் முதலில் ‘க’வும் அதற்குப் பிறகு கொம்பும்தான் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அது தெரியாத செயலியில் நீங்கள் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் இதே கதிதான். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகள், பிரீமியர் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கென்று செட்டிங்ஸில் ஒரு தேர்வு இருக்கும், அதை மாற்றினால் சரி. மொபைல் செயலி என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். தலைப்பை கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியிலோ பவர்பாயின்ட்டிலோ செய்து, படமாகச் சேமித்து, வீடியோவில் நுழைத்துவிடுங்கள்.

எந்தப் புதுச் செயலியைத் திறந்தாலும் நான் முதலில் கொடைக்கானல், பௌர்ணமி, ஸ்ரீ என்று அடித்துப் பார்ப்பேன். இந்த மூன்றும் ஒழுங்காக வரவில்லையென்றால் மற்ற வசதிகளைப் பார்ப்பதே இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் படக்கதைப் புத்தகம் செய்ய வேண்டும். பள்ளியில் ஒரே ஒரு கணினிதான். (ஆசிரியர், தருமபுரி)

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் ஓவியங்களிலிருந்து பொறுக்கி, தமிழில் எழுதி, புத்தகமாக வெளியிடலாம். ஒரே கணினி என்பதால் முதலில் தாளை மடித்துப் பக்கம் பக்கமாக எழுத வையுங்கள், கடைசியில் தட்டச்சு செய்துகொள்ளலாம். ஒரு விஷயம்: அங்கே வெளியிடுவதை யாரும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பிள்ளைகளின் முழுப்பெயர், முகப்படம் எல்லாம் வேண்டாம்.

எங்கள் ஊர் ஏரி, குளங்களின் கதையை வரைபடத்தில் சொல்ல முடியுமா?

முடியும். இந்த ஏரி நிரம்பி அந்தக் குளத்துக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று தண்ணீர் போகும் வரிசையே உங்கள் கதை என்றால், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் இலவசமாகத் தரும் ஸ்டோரிமேப் பொருத்தம். வாசகர் ‘அடுத்து’ என்று தட்டத் தட்ட வரைபடம் நகர்ந்துகொண்டே போகும். அதைக் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள், போனில் பார்த்துக்கொள்ளலாம். வரிசை முக்கியமில்லை, எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றால் கூகுள் மை மேப்ஸே சுலபம்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும். வீடியோ முடங்கலாம், அல்லது விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. என்னைக் கேட்டால், நல்ல குரலுக்கு இசையே வேண்டியதில்லை.

காசு கட்டி வாங்கினால்தான் நன்றாக வருமா?

முதல் கதைக்குத் தேவையில்லை. ‘ஏழு நாள் இலவசம்’ என்பதில் மட்டும் கவனம். ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் நிறுத்த வேண்டும்.

கஷ்டப்பட்டுச் செய்துவிட்டு, அந்தத் தளத்தையே மூடிவிட்டால்?

நியாயமான பயம். விண்டோஸ் மூவி மேக்கர் 2017இல் போனது, சமூக வலைதளப் பதிவுகளைக் கதையாகத் தொகுக்க உதவிய ஸ்டோரிஃபை 2018இல், ஃப்ளாஷ் 2020 முடிவில். அதனால் தொடங்கும்முன்பே, செய்ததை எம்பி4, பிடிஎஃப், எம்பி3 என்று வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தத் தளத்துக்குள்ளேயேதான் பார்க்க முடியும் என்றால் வேறு தேடுங்கள். வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் கதை பிரிந்து போகும் கிளைக்கதைகளுக்கான ட்வைன் போன்ற கருவியை இணையத்தில் பயன்படுத்தும்போது கதை உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கும். பிரவுசர் தரவை அழித்தால் கதையும் போச்சு, அவ்வப்போது கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

குரலின் மூலப் பதிவு, படங்கள், எழுத்து மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கூகுள் டிரைவில் வையுங்கள். டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். இடம் மீதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.