எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றால் ஈரலும் நார்மலா?

கேள்வி: வயது 44. ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த முறை எஸ்.ஜி.பி.டி. 42, எஸ்.ஜி.ஓ.டி. 48, தட்டணு (பிளேட்லெட்) ஒன்றரை லட்சம். ‘எஸ்.ஜி.பி.டி. 45 வரை நார்மல்’ என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு எதற்கு ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர்?
– வாசகர், மதுரை

பதில்: அவர் சொல்வது சரி, தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்.ஜி.பி.டி. ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். ஏறக்குறைய இரண்டு நாளில் பாதியாகிவிடும். ஆகவே அந்த எண்ணில் தெரிவது இந்தச் சில நாட்களின் சிதைவுதான். இத்தனை வருடத்தில் ஈரலில் விழுந்த தழும்பு அதில் தெரியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் பெரும்பாலும் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்களை நம் நோயெதிர்ப்பு அணுக்களே தாக்குகின்றன, அதுவும் விட்டு விட்டு. இரண்டு தாக்குதலுக்கு நடுவே நீங்கள் ரத்தம் கொடுத்திருந்தால் ரிப்போர்ட் நன்றாகவே வரும். சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போகும் நிலை) வந்துவிட்டவர்களுக்கும் எஸ்.ஜி.பி.டி. 30க்குள் இருப்பதுண்டு.

லேப் அச்சிடும் 45ஐயும் நம்பி உட்காராதீர்கள். ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 25 என்று அமெரிக்க ஈரல் நிபுணர் சங்கம் 2018இல் வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் அது 30, 19 என்று இன்னும் குறைவு. உங்கள் 42 இரண்டையும் தாண்டுகிறது.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். எஸ்.ஜி.ஓ.டி.யை (செல் சிதைந்தால் கசியும் இன்னொரு நொதி) 40ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கி, தட்டணுவை ஆயிரத்தில் எழுதி அதால் வகுக்க வேண்டும். 48ஐ 40ஆல் வகுத்தால் 1.2, நூறால் பெருக்கினால் 120, அதை 150ஆல் வகுத்தால் 0.8. ‘ஆப்ரி’ எனப்படும் இந்த எண் 0.5ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கலாம், 1ஐத் தாண்டினால் சிரோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். மது, கடுமையான உடலுழைப்பு இரண்டும் எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதனால்தான் ஃபைப்ரோஸ்கேன். ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளந்து, தழும்பை மதிப்பிடும் ஸ்கேன் அது.

மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரல் இருப்பதைவிட விறைப்பாகக் காட்டும். 7 கிலோபாஸ்கலுக்கு மேல் வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவு தழும்பு, 12.5க்கு மேல் என்றால் சிரோசிஸ் என்று கொள்வார்கள். எஸ்.ஜி.பி.டி. பல மடங்கு எகிறியிருக்கும் சமயத்தில் வீக்கமே அளவைக் கூட்டிவிடும். உங்களுக்கு இப்போது அந்தக் குழப்பம் இல்லை, எடுக்க நல்ல நேரம். வைரஸ் டி.என்.ஏ. அளவையும் சேர்த்துப் பாருங்கள். அது 2,000 யூனிட்டுக்கு மேல் இருந்தால், எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருக்கும் உங்களுக்கு மாத்திரை தொடங்கச் சொல்வார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கிறதாம், எஸ்.ஜி.பி.டி. 17தான். மாத்திரை இப்போது வேண்டாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிறக்கும்போதே தொற்றியவர்களிடம் இந்த நிலை சகஜம். நோயெதிர்ப்பு சக்தி வைரஸை இன்னும் தாக்கத் தொடங்கவில்லை. அதனால் வைரஸ் பெருகியும் ஈரல் பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். தாக்குதல் எப்போது தொடங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. பார்க்க வேண்டும், ஒருமுறைகூட விடக் கூடாது. கர்ப்பமானால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: வைரஸ் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஏழாம் மாதவாக்கில் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்குவார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) போட்டாக வேண்டும்.

கேள்வி: இரண்டு வருடமாக டெனோஃபோவிர் சாப்பிட்டு எஸ்.ஜி.பி.டி. 24க்கு இறங்கிவிட்டது. நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி மட்டும் சாப்பிடலாமா? செலவு கட்டுப்படியாகவில்லை.
– வாசகர், விழுப்புரம்

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறதே தவிர, செல்லின் கருவுக்குள் பதுங்கியிருக்கும் அதன் மூலப்பிரதியை அழிப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தொடலாம், ஏற்கெனவே தழும்பேறிய ஈரல் அதைத் தாங்காமல் செயலிழந்துபோகலாம். கீழாநெல்லி பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வு 1988இல் வெளியாகி நம்பிக்கை தந்தது, ஆனால் பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. செலவுக்கு வழி இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, கையிலுள்ள மாத்திரை தீருமுன் உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.