மணக்கும் புதர் ரோஜா: கேட்டதும் சொன்னதும்

ரோஜா வளர்ப்பு பற்றி வந்த கேள்விகளில் மணமுள்ள புதர் ரோஜா தொடர்பானவற்றை மட்டும் எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபது வருடமாக இந்தச் செடிகளோடு பழக்கம். வளர்த்த அளவுக்குச் சாகடித்ததும் உண்டு. சில பதில்கள் அந்தக் கணக்கிலிருந்து வருபவை.

அக்கா, எல்லா ரோஜாவும் புதர்தானே? ‘புதர் ரோஜா’ என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்?

அடியிலிருந்து பல கிளைகள் விட்டு, நாலு பக்கமும் விரிந்து, கொத்துக் கொத்தாகப் பூப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். நீளக் காம்பில் ஒற்றைப் பூ நிமிர்ந்து நிற்கிற ஹைப்ரிட் டீ வேறு ரகம். பழைய டமாஸ்க், போர்பன், ருகோசா, அப்புறம் இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ரோஜாக்கள் எல்லாம் புதர்ச் சாதி.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது. மணத்துக்காக மட்டும் என்றால் எதை வைப்பது?

நல்ல கேள்வி. மணத்தில் முக்கால்வாசி செடியை வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மணமில்லாத ரகத்துக்கு எந்த உரம் போட்டாலும் மணம் வராது.

குளிர்காலம் நன்றாக இருக்கும் இடமென்றால் டமாஸ்க் வைக்கலாம். அத்தரும் பன்னீரும் வடிப்பது அதிலிருந்துதான். ஆனால் அதில் பல ரகங்கள் வருடத்துக்கு ஒரே பருவம்தான் பூக்கும். வெயில் கூடுதலான இடமென்றால் போர்பன் வகையைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், டமாஸ்க்கும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த குடும்பம் அது. டமாஸ்க்கின் மணமும், சீன ரோஜாவின் திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும் அதற்கு உண்டு. 1881இல் வந்த ‘மேடம் ஐசக் பெரேர்’ அந்த வகைதான். ஒரு பூ போதும், பக்கத்தில் போனாலே தெரியும்.

ஆஸ்டின் ரோஜாக்களில் என் ஓட்டு 1986இல் வந்த ‘கெர்ட்ரூட் ஜெகில்’ ரகத்துக்கு. முள் அதிகம், கையுறை கட்டாயம். ஆஸ்டினின் முதல் ரோஜாவான ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ (1961) பேரழகி. ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவாள். ஒரே செடி வைப்பவருக்கு அவளைச் சொல்ல மாட்டேன்.

நர்சரியில் கமகமவென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மணமே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

எத்தனை மணிக்கு முகர்ந்தீர்கள்? பெரும்பாலும் விஷயம் அதில்தான் இருக்கும். ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபினைல் எத்தனால் போன்ற பொருள்கள் இதழிலிருந்து ஆவியாகி வருவதுதான் ரோஜா மணம். உச்சி வெயிலும் காற்றும் அதை அடித்துக்கொண்டு போய்விடும். காலையில், பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். அத்தருக்குப் பூப் பறிப்பவர்களும் விடியலில் பறிப்பது இதனால்தான். முழுக்க மலர்ந்து இரண்டு நாளான பூவில் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது.

அப்படிப் பார்த்தும் இல்லை என்றால், அது வெட்டுப்பூ ரகமாக இருக்கலாம். நீளக் காம்பு, நாள்பட வாடாத பூ என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றில் பலவற்றுக்கு மணம் குறைவு. அதை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மணத்துக்கு வேறு செடி தேட வேண்டும்.

எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நடுவது?

குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும், அதில் காலை வெயில் கட்டாயம். இலையில் உள்ள பனி சீக்கிரம் உலர்ந்தால் நோய் பாதியாகக் குறையும். கடும் வெயில் உள்ள இடத்தில் பிற்பகல் நிழல் கிடைத்தால் பூ வதங்காது. குழி நீளம், அகலம், ஆழம் எல்லாம் 45 செ.மீ. அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் குட்டை மாதிரி நின்றால் அங்கே நடாதீர்கள், மேட்டுப் பாத்தி போடுங்கள். மட்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து நிரப்புங்கள். ஒட்டுச்செடி (காட்டு ரோஜா வேரின் மேல் நல்ல ரகத்தை ஒட்டியது) என்றால், மண் உறைகிற ஊரில் ஒட்டுக்கட்டு, அதாவது இரண்டும் சேரும் முடிச்சு, மண்ணுக்குள் 5 செ.மீ. போகட்டும். உறைபனி இல்லாத இடத்தில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

இன்னொன்று. தோட்டத்தின் கடைக்கோடியில் நட்டுவிட்டு மணம் வரவில்லை என்று சொல்லக் கூடாது. நடைபாதை ஓரம், ஜன்னல் பக்கம், சுவர் காற்றைத் தடுக்கிற மூலை, இங்கெல்லாம் நடுங்கள்.

பழைய ரோஜா பட்டுப்போன குழியிலேயே புதியதை வைக்கலாமா?

வேண்டாம். ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா சவலையாகவே நிற்கும். வேறு வழியில்லை என்றால் அந்தக் குழி மண்ணை முழுக்க மாற்றுங்கள்.

எல்லா ரோஜாவையும் போல முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தேன். இலை வந்தது, பூ வரவே இல்லை.

நானும் இதே தப்பைச் செய்து ஒரு வருடப் பூவை இழந்திருக்கிறேன். ஒருமுறை மட்டும் பூக்கும் ரகங்கள் போன வருடக் கிளையில்தான் பூக்கும். பருவத்துக்கு முன்னால் வெட்டினால் மொட்டையும் சேர்த்து வெட்டியதாக ஆகிவிடும். அவற்றைப் பூத்து முடித்த பிறகே வெட்ட வேண்டும்.

மீண்டும் மீண்டும் பூக்கும் புதர்களுக்கும் ஹைப்ரிட் டீக்குச் செய்வது போன்ற கடுங்கவாத்து தேவையில்லை. முதலில் காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக, கூரான கத்தரியால் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கும், நசுங்கிய இடத்திலிருந்து கருகல் கீழே இறங்கும். முதல் இரண்டு வருடம் வாடிய பூவை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு இலைக்காம்பில் ஏழு இலை வந்தால் காட்டுச்செடி, வெட்டிவிடு என்கிறார்கள். உண்மையா?

இதை நம்பி நல்ல கிளையை வெட்டியவர்கள் ஏராளம். பல புதர் ரோஜாக்களுக்கு ஏழு சிற்றிலை இயல்பானது. எண்ணுவதை விட்டுவிட்டு, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வந்தால் மட்டுமே அது காட்டுத் துளிர். அதை வெட்டினால் மறுபடி வரும், அடியோடு பிய்த்தெடுங்கள்.

இலையில் கரும்புள்ளி. மருந்து அடித்தும் போகவில்லை.

வந்த புள்ளி போகாது. மருந்து புது இலையைக் காக்கும், அவ்வளவுதான். இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் அந்தப் பூஞ்சணம் உள்ளே புகுந்துவிடும். சாயங்காலம் செடியைக் குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். காலையில் அடியில் மட்டும், வாரம் ஒன்றிரண்டு முறை, ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். ருகோசா வைத்திருந்தால் அதன் மேல் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். இலை கருகி உதிர்ந்துவிடும். அதற்கு இந்த நோய் அதிகம் வராது என்பதால் மருந்தும் தேவைப்படாது.

மொட்டு விரியாமல் பழுப்பாகி நின்றுவிடுகிறது.

ஒரு மொட்டைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய, நீளமான பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். அந்த மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள். பூச்சி இல்லை, வெளி இதழ் மட்டும் ஒட்டிக் காகிதம் போல் இருக்கிறது என்றால், மழையில் நனைந்து உடனே வெயிலில் காய்ந்ததன் விளைவு. அடுக்கிதழ் அதிகமுள்ள மணரோஜாக்களுக்கு இந்தத் தொல்லை சகஜம். வெளி இதழை விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டால் சில சமயம் விரியும்.

முட்டை ஓடு போடலாமா?

போடலாம், கெடுதல் இல்லை. மட்கவே வருடங்கள் ஆகும், அதனால் பலனும் பெரிதாக இல்லை. அதைவிட 5 செ.மீ. தடிப்பில் இலைமூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

தொட்டியில் வருமா?

வரும். 45 செ.மீ. அகலத் தொட்டி, குட்டை ரகம்.

நட்டு இரண்டு மாதம் ஆகிறது. நாலு மொட்டு வந்திருக்கிறது. கிள்ளிவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை.

அவர்கள் சொல்வது சரிதான், சின்னச் செடி வேர் விட வேண்டிய நேரம் இது. மூன்றைக் கிள்ளிவிடுங்கள். நாலாவதை விடுங்கள். வாங்கிய ரகம் சரிதானா என்று முகர்ந்து பார்க்கவாவது ஒன்று வேண்டும் அல்லவா?