பி.எஸ்.டி பைலை சர்வரில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 14 பேர், எல்லோரும் அவுட்லுக்கில் பாப் கணக்கு (மெயில்களை மெயில் சர்வரிலிருந்து அவரவர் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வைத்திருக்கிறோம். தனித்தனியாக பேக்கப் எடுக்க வேண்டாமே என்று அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பி.எஸ்.டி பைல்களை எல்லோருடையதையும் அலுவலக சர்வரில் ஒரு ஷேர் போல்டரில் போட்டு, அங்கிருந்தே திறக்கும்படி செய்துவிட்டோம். இப்போது அவுட்லுக் அடிக்கடி தொங்குகிறது, கணக்குப் பிரிவின் பைல் ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பேக்கப் வேண்டும் என்று நினைத்தது சரி, இடம்தான் தப்பு. அவுட்லுக் திறந்து வேலை செய்கிற பி.எஸ்.டி அந்தந்த கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில்தான் இருக்க வேண்டும், சர்வருக்குப் போக வேண்டியது அதை மூடிய பிறகு எடுத்த நகல். நெட்வொர்க் வழியே பி.எஸ்.டி-யைத் திறந்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

காரணம் எளிது. வேர்ட் பைலைப் போல சேவ் கொடுக்கும்போது மட்டும் எழுதப்படுகிற பைல் இல்லை இது. அவுட்லுக் திறந்திருக்கும் வரை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு மெயிலைப் படித்ததாகக் குறித்தால்கூட உள்ளே எங்கோ ஒரு சின்னத் துண்டை எழுதும். அந்த நொடியில் வைஃபை ஒரு முறை கண் சிமிட்டினாலோ யாராவது கேபிளைக் காலால் இடறினாலோ பாதி எழுதியது பாதியில் நின்றுவிடும், எந்த மெயில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் உள் அட்டவணை குழம்பிவிடும். உங்கள் கணக்குப் பிரிவு பைலுக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

ஆக, முதல் வேலை: எல்லோரும் அவுட்லுக்கை மூடிய பிறகு பைல்களை அவரவர் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோங்கள். டாக்குமென்ட்ஸ் போல்டரை ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) தானாக ஏற்றிக்கொண்டிருந்தால் அதற்குள் வைக்காதீர்கள், அங்கேயும் இதே இழுபறிதான். சி டிரைவில் தனியாக ஒரு போல்டர் போதும்.

அடுத்தது பேக்கப். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் தினமும் இரவு நகல் ஓடும், காலையில் 'முடிந்தது' என்று செய்தி வரும், யாரும் அதற்கு மேல் பார்ப்பதில்லை. ஒருவருடைய டிஸ்க் போன அன்றுதான் நகலின் தேதியைப் பார்த்தோம், மூன்று மாதம் பழையது. அவர் மாலையில் ஸ்கிரீனை லாக் செய்துவிட்டுப் போவார், அவுட்லுக்கை மூடுவதே இல்லை. திறந்திருக்கும் பைலைச் சாதாரண நகல் நிரல் எடுக்க முடியாது, அது தாண்டிப் போய்விட்டது, பதிவேட்டில் ஒரே ஒரு வரி மட்டும் எழுதி வைத்துவிட்டு. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகல் நிரலைப் பயன்படுத்தினால் வேறு தொல்லை: மாற்றாவிட்டால் அது 30 வினாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயற்சி செய்யும், பூட்டிய முதல் பைலிலேயே விடிய விடிய நிற்கும். மறுமுயற்சியை இரண்டு மூன்றாகக் குறைத்துவிடுங்கள். திறந்த பைலையும் எடுக்கக்கூடிய, விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அவுட்லுக்கை மூடிவிட்டுப் போகும் பழக்கம்தான் வழி, அதற்கு நீங்கள் கொஞ்சம் கத்த வேண்டியிருக்கும்.

பைல் அளவு இன்னொரு விஷயம். 2010 பதிப்பிலிருந்து பி.எஸ்.டி-க்கு வழக்கமான உச்சவரம்பு 50 ஜிபி, ஆனால் அதுவரை வளரவிடச் சொல்லவில்லை. அவுட்லுக் திறந்து மூடினாலே பைலின் தேதி மாறிவிடும், பைல் 20 ஜிபி என்றால், ஒரு மெயில்கூட வராவிட்டாலும் அந்த 20 ஜிபி-யும் மறுபடி நகலாகும். அதனால் வருடத்துக்கு ஒரு பைலாகப் பிரியுங்கள். பழைய வருடங்களை அவுட்லுக்கின் இடதுபக்கப் பட்டியலில் வலது கிளிக் செய்து மூடிவிட்டால் அவற்றை யாரும் தொடுவதில்லை, ஒரு தடவை நகலெடுத்தால் முடிந்தது. தினமும் ஓட வேண்டியது நடப்பு வருடத்தின் சின்ன பைல் மட்டும். மெயில்களை அழித்தும் அளவு குறையவில்லையே என்று யோசித்தால், கணக்கு அமைப்பில் டேட்டா பைலுக்குள் 'காம்பாக்ட்' என்று இருக்கும், அதைக் கொடுங்கள்.

அப்புறம், நேற்றைய நகலின் மேலேயே இன்றைய நகலை எழுதாதீர்கள். கெட்டுப்போன பைல் நல்ல நகலை அழித்துவிடும். குறைந்தது ஒரு வாரத்து நகல்கள், மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருங்கள். பேக்கப் போல்டரில் ஊழியர்களுக்கு எழுதும் உரிமை வேண்டாம், சர்வரே வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால், எழுத முடிகிற எல்லா டிரைவையும் அது பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி வேறு இடத்தில் வைக்கிற வெளி டிஸ்க் ஒன்றும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு நகலை லோக்கல் டிஸ்கில் இறக்கி, அவுட்லுக்கில் திறந்து, பழைய மெயில் ஒன்றின் இணைப்பைத் திறந்து பாருங்கள்.

பாப் கணக்கு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அவுட்லுக்கில், மெயில் சர்வரில் பிரதி விடும் அமைப்பில் எத்தனை நாள் என்று பாருங்கள், பெரும்பாலும் 14 என்று இருக்கும். அதைக் கூட்டி வைத்தால் நகல் கைவிட்டாலும் அண்மை மெயில்களாவது மிஞ்சும்.

கெட்டுப்போன அந்த பைலை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அப்படியே ஒரு நகல், பிறகு அந்த நகலை லோக்கல் டிஸ்கில் வைத்து, அவுட்லுக்கோடு வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுங்கள். ஒரு தடவையில் எல்லாப் பிழையும் போகாது, பிழை இல்லை என்று சொல்லும் வரை திரும்ப ஓட்டுங்கள். இடம் தெரியாத மெயில்கள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற போல்டரில் கிடக்கும். திறந்துவிட்டது என்று அதிலேயே வேலையைத் தொடராமல், புதிய பி.எஸ்.டி ஒன்று உருவாக்கி மெயில்களை அதற்கு நகர்த்திவிடுங்கள்.